அப்பா வீட்டுக் கெட்டில்

மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்ததால் வீட்டில் அவளுக்கு 'நடு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்? அண்ணனுக்கு நடு, தங்கைக்கு நடுக்கா, கோபம் வந்தால் அப்பாவுக்கு 'ஏ நடு'. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவளுக்கு மூன்று பக்கமும் இடி.

வேலையிலும் அப்படித்தான் வாய்த்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்கு அடுத்தாற்போல் அவளுடைய பட்டறை. இதயத் துடிப்பைக் கோடு போடுகிற கருவி, சொட்டு மருந்தை அளந்து ஏற்றுகிற பம்பு, குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி, எது மக்கர் பண்ணினாலும் அவளிடம்தான் வரும். "மெஷின் செத்துப்போச்சு, உடனே வாங்க" என்று மேலேயிருந்து போன் வரும். மூச்சிரைக்க மாடி ஏறிப் போனால் பிளக் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அதை உள்ளே தள்ளிவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கி வருவாள். அந்தப் பெருமூச்சு ஆஸ்பத்திரி முழுக்கப் பிரசித்தம். நர்சுகள் அவள் இல்லாதபோது அதைப் போலவே விட்டுக் காட்டிச் சிரிப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

அம்மா போன பிறகு அப்பா தனியாக இருந்தார். காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், இப்போது நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். "என்கூட வந்துடுங்கப்பா" என்று நடு கேட்காத நாளில்லை. "உன் வீட்டுல டிவி சத்தம் தாங்காது" என்பார். அண்ணன் கடல் கடந்த ஊரில். இங்கே உச்சிவேளை நெருங்கினால்தான் அங்கே விடியும். தங்கை இரண்டு மலை தாண்டி ஒரு பட்டணத்தில். பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருந்தது நடு ஒருத்திதான். அப்புறம் கேட்க வேண்டுமா?

அப்பா போன் எடுக்க மாட்டார். அதுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். காது கேட்காமல் இல்லை. "அடிக்கறது அவங்க அவசரம், எடுக்கறது என் இஷ்டம்" என்பது அவர் கட்சி. அவர் எடுக்காவிட்டால் அடுத்த நிமிஷம் நடுவின் போன் அடிக்கும்.

"நடு, அப்பா எடுக்கலை. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடேன்."

"நடுக்கா, எனக்கு மனசே சரியில்ல. அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு போல. போய்ப் பாரேன் ப்ளீஸ்."

கையிலிருக்கிற திருப்புளியைப் போட்டுவிட்டு, மேலதிகாரியிடம் பல்லைக் காட்டி அனுமதி வாங்கி, பஸ் பிடித்து, மூன்று மாடி ஏறிப் போவாள். அப்பா ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருப்பார்.

"வாம்மா. யாரு அனுப்பிச்சா, பெரியவனா சின்னவளா?"

இப்படியே மாதக்கணக்கில் போயிற்று. ஒரு கேமரா மாட்டிவிடலாம் என்றான் அண்ணன். அப்பாவிடம் நடு மெல்லப் பேச்செடுத்தாள்.

"தாராளமா மாட்டு. நான் தினமும் அதுக்கு முன்னாடி நின்னுதான் துணி மாத்துவேன். பரவாயில்லையான்னு உங்க அண்ணியைக் கேட்டுச் சொல்லச் சொல்லு" என்றார்.

கேமராப் பேச்சு அத்தோடு ஒழிந்தது.

கெட்டில் யோசனை நடுவுக்கு ஆஸ்பத்திரியில்தான் வந்தது. பழுதுக்கு வந்த ஒரு பம்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்துகொண்டிருந்தாள். அப்பா எழுந்தவுடன் பல் தேய்ப்பதற்கும் முன்னால் செய்கிற காரியம் கெட்டிலைப் போடுவது. அம்மா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கெட்டில் கொதித்தால் அப்பா எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அதை எப்படியாவது போனில் பார்க்க முடிந்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

அதற்கான சாமான் ஒன்றும் பெரியதில்லை. தீப்பெட்டியைவிடச் சின்ன போர்டு ஒன்று; அதிலேயே ஒரு குட்டி மூளையும் வைஃபையும் சேர்ந்தே இருக்கும். வயரைச் சுற்றி மாட்டினால் அதில் ஓடுகிற மின்சாரத்தை உணர்ந்து சொல்கிற வளையம் ஒன்று. இரண்டையும் இணைத்து, கெட்டில் ஓடினால் அந்தச் சேதியை இணையத்தில் இருக்கிற ஒரு பக்கத்துக்கு அனுப்பச் சொல்லி நிரல் எழுதிவிட்டால் போதும். இதையெல்லாம் அடக்கிய பெட்டி அவள் பொறுப்பு. இணையப் பக்கம்? அண்ணன் ஒரு மென்பொருள் கம்பெனியில் பத்துப் பதினைந்து பேரை மேய்க்கிறவன்.

"சர்வர் பக்கம் எனக்கு விட்டுடு. ஒரு ஞாயித்துக்கிழமை வேலை" என்றான்.

அப்பாவிடம் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. நேராகவே சொன்னாள். அப்பா சிரித்துவிட்டார்.

"கெட்டிலை வேவு பாக்கப் போறீங்களா? பாத்துக்கோங்க. அதுக்கு மானமா ரோஷமா?"

கெட்டில் சொருகுகிற எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பிரித்து, உள்ளே ஒரே ஒரு வயரை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து வளையத்துக்குள் விட்டாள். இரண்டு வயரையும் சேர்த்து விட்டால் போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வளையம் ஒன்றுமே இல்லை என்று சாதிக்கும். அதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே மாலையில் முடித்துவிட்டாள். 'இவ்வளவுதானா?' என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்திருக்கக் கூடாது.

முதல் கோளாறு வைஃபை. அப்பா வீட்டில் இருந்தது அண்ணன் ஆசையாக அனுப்பிய புது ரவுட்டர். அது இரண்டு அலைவரிசையில் ஒலிபரப்பும். வேகமான அலைவரிசையை மட்டும் வைத்துவிட்டு மற்றதை அண்ணனே அங்கிருந்தபடி அணைத்து வைத்திருந்தான். அந்தச் சின்ன போர்டுக்கோ பழைய அலைவரிசை ஒன்றுதான் தெரியும். வைஃபை கண்முன்னே இருந்தும், பெட்டி "வைஃபையே இல்லை" என்று அழுதுகொண்டிருந்தது. காரணம் புரிவதற்குள் ஒரு முழு விடுமுறை நாள் போயிற்று.

"எதுக்கு அதை அணைச்சே?"

"ஸ்பீடுக்காக."

"அப்பா ரேடியோ கேக்கறாரு அண்ணா. அவருக்கு எதுக்கு ஸ்பீடு?"

அடுத்தது இன்னும் மோசம். பெட்டி சேதியை அனுப்பியது, சர்வர் வாங்க மறுத்தது. ஒவ்வொரு தடவையும் 'நானூறு' என்ற எண்ணைத் திருப்பி வீசியது. நடு மடிக்கணினியை அப்பாவின் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு வீடியோ கால் போட்டாள்.

"நானூறுன்னு வருது."

"அப்போ நீ அனுப்பறது தப்புன்னு அர்த்தம்."

"எது தப்பு?"

"அதை அது சொல்லாது."

"சொல்லாதா? அதை எழுதினதே நீதானே? நீயாவது சொல்லு."

"நான் டெஸ்ட் பண்ணிட்டேன் நடு. என் பக்கம் பக்காவா இருக்கு. உன் பெட்டியைப் பாரு."

"என் பெட்டி நல்லாத்தான் இருக்கு. உன் சர்வரைப் பாரு."

சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யார் என்று அடித்துக்கொண்ட அதே குரல் இருவருக்கும் திரும்பி வந்திருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எழுந்துட்டேன்னு நானே போன் பண்ணிச் சொல்லியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றார். இரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில், "அதைத்தானேப்பா அம்மா போனதுலேருந்து கெஞ்சிட்டிருக்கோம்!" என்றார்கள்.

ஒரு வாரம் இருவரும் அவரவர் பக்கத்தைத் துழாவினார்கள். கடைசியில் பார்த்தால் விஷயம் சுண்டைக்காய். பெட்டி மின்சார அளவை மேற்கோள் குறிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறது. அண்ணனின் சர்வருக்கு எண் என்றால் எண்ணாகவே வரவேண்டும். மேற்கோள் குறி போட்டால் அது எழுத்தாகிவிடுமாம்.

"ஏழு ஏழுதானே அண்ணா? சட்டை போட்டுட்டு வந்தா என்ன, போடாம வந்தா என்ன?"

"கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் உண்டு."

"அப்போ 'சட்டையைக் கழட்டிட்டு வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல உன் கம்ப்யூட்டர்? எதுக்கு ஒரு வாரம் நானூறு நானூறுன்னு துப்பிட்டிருந்துச்சு?"

அண்ணன் பேச்சை மாற்றினான். அவனுடைய பலம் அது.

ஆனாலும், முதல் சேதி போய்ச் சேர்ந்த காலையில் மூன்று பேருக்கும் சந்தோஷம் பிடிபடவில்லை. அண்ணன் பக்கத்தை அழகாகச் செய்திருந்தான். பெரிய வட்டம் ஒன்று. கெட்டில் கொதித்தால் அது பச்சையாகி, கீழே 'அப்பா எழுந்துட்டார்' என்று எழுத்து வரும். காலை கடந்தும் கொதிக்காவிட்டால் சிவப்பாகும். தங்கை அந்தப் பச்சை வட்டத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். கூடவே அழுகிற முகம், சிரிக்கிற முகம், இதயம் என்று ஒரு வரிசை.

நடு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். கொஞ்ச நாள்தான்.

ஒரு நாள் ஆபரேஷன் அறையில் கருவி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது தங்கை அழைத்தாள். "நடுக்கா, சிவப்பு! சிவப்பா இருக்கு!" போட்டது போட்டபடி ஓடினாள். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரிப்பெட்டிக்கு இடம் வேண்டுமென்று நடு மாட்டிய பெட்டியைப் பிடுங்கி, ஒழுங்காக வயர் சுற்றி, அலமாரியில் வைத்திருந்தார். கெட்டில் நேராகச் சுவரில் சொருகியிருந்தது.

"டீ குடிச்சீங்களாப்பா?"

"ரெண்டு தடவை குடிச்சாச்சே. ஏன், உனக்கு வேணுமா?"

இன்னொரு நாளும் சிவப்பு. இந்த முறை பெட்டி சொருகித்தான் இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது, கெட்டிலும் சூடாக இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள். சுற்றி வளைத்துக் கேட்டதில்தான் தெரிந்தது: முந்தின நாள் பக்கத்தைப் பூட்டுப் போட்ட பாதுகாப்பான முகவரிக்கு மாற்றியிருக்கிறான். சொல்லவில்லை.

"என் பிரவுசர்ல நல்லாத் திறக்குதே."

"உன் பிரவுசர் விவரமான பிள்ளை. வீடு மாறிட்டாங்கன்னா தானே புது வீட்டுக்குப் போயிடும். என் பெட்டி அப்பாவி. பழைய வீட்டு வாசல்ல நின்னு கதவைத் தட்டிட்டே இருக்கு. வீடு மாத்தினா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"சின்ன சேஞ்ச்தான் நடு..."

"உனக்குச் சின்ன சேஞ்ச். எனக்கு மூணு மாடி!"

அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் புலம்பினாள். கணவர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க அடுத்தவர்கள் புலம்பலைக் கேட்டே பழகியவர். "முன்னாடி போன் எடுக்கலைன்னா ஓடுவே. இப்போ வட்டம் சிவந்தா ஓடறே. கால் அதேதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

நடு விடவில்லை. பெட்டி சில நிமிஷத்துக்கு ஒருமுறை 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று மட்டும் ஒரு சேதி அனுப்பும்படி நிரலை மாற்றினாள். அந்தச் சேதி நின்றால் வட்டம் சாம்பல் நிறமாகும். சாம்பல் என்றால் பெட்டிக்குத்தான் ஏதோ, அப்பாவுக்கு இல்லை. தங்கைக்கு இதைப் பலமுறை விளக்கிச் சொன்னாள். தங்கை சரி சரி என்று கேட்டுக்கொண்டு, முதல் சாம்பலுக்கே அழுதுகொண்டு போன் செய்தாள்.

அப்புறம் எப்படியோ எல்லாம் சீரானது. அதுவும் சாதாரணச் சீரில்லை. அப்பாவின் கெட்டில் கடிகாரம் வைத்ததுபோல் கொதிக்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு நாள் சீக்கிரம், ஒரு நாள் தாமதம் என்று இருந்தது. இப்போது தினமும் விடிகிற நேரத்தில், பிசகாமல் ஒரே வேளைக்குப் பச்சை. அண்ணன் அந்த வரைபடத்தைப் பெருமையோடு அனுப்பி வைத்தான். 'பாத்தியா? கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சா மனுஷன் ஒழுங்காயிடறார்' என்று கூடவே ஒரு வரி. போன்கள் குறைந்தன. ஓட்டம் நின்றது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி, "என்னக்கா, இப்பல்லாம் பெருமூச்சே காணோம்?" என்று கேட்டாள்.

ஒரு நாள் பட்டறையில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்று காலையில் வரவேண்டாம் என்றார்கள். பெட்டிக்குப் புது நிரல் ஏற்ற வேண்டிய வேலை பாக்கியிருந்தது. கேபிள் சொருகித்தான் ஏற்ற முடியும். விடியும்போதே கிளம்பிவிட்டாள். இரண்டாவது மாடி ஏறிக்கொண்டிருக்கும்போது போன் சிணுங்கியது. பச்சை. 'அப்பா எழுந்துட்டார்.' சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறோம், ஒரு வாய் டீ கிடைக்கும் என்று நினைத்தபடி தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள்.

அப்பாவின் நாற்காலியில், அப்பாவின் கோப்பையோடு, எதிர்வீட்டுத் தையல்காரர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தையல்காரர் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை அவர். சாதுவான மனிதர், நடுவின் பள்ளிக்கூடப் பாவாடைகளைத் தைத்தவர்.

"அப்பா எங்க?"

"அது வந்தும்மா..."

"அப்பா எங்கன்னு கேக்கறேன்."

"குளத்துல இருக்காரும்மா."

நடு திரும்பி வாசலுக்குப் பாய்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தையல்காரருக்குத் தான் சொன்னது உறைத்தது. பதறி எழுந்ததில் டீ முழுக்கப் பேப்பரில் கொட்டியது.

"ஐயையோ, அந்த மாதிரி இல்லம்மா! நீச்சல் குளம்! நல்லா இருக்காரு! நீச்சல் கத்துக்கப் போறாரு!"

"நீச்சலா?"

"ரெண்டு மாசமாப் போறாரும்மா. வகுப்பு விடிகாலைலயே. கெட்டில் கொதிக்கலைன்னா புள்ளைங்க ஊரைக் கூட்டிடும், நீங்க வந்து போட்டுக்குங்க, டீயும் குடிச்சுக்குங்கன்னாரு. எனக்கும் காலைல தனியா கெட்டில் போடற வேலை மிச்சம்..."

நடு உட்கார்ந்தாள். எழுந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அது பாட்டுக்குக் குட்டிப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் கோபப்படவும் வழியில்லை. அதனிடம் கேட்டது கெட்டில் கொதித்ததா என்று மட்டும்தான். அது பொய் சொல்லவில்லை.

பொது நீச்சல் குளம் இரண்டு தெரு தள்ளி. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தேடினாள். தலையில் ரப்பர் தொப்பி, கண்ணில் தண்ணீர்க் கண்ணாடி, கையில் மிதவைப் பலகை, காலால் படபடவென்று அடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர். கடைசி வரிசையில், நரைத்த மார்போடு, எல்லோரையும்விட அதிகமாகத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது அப்பா. கரையில் நின்ற பயிற்சிக்காரி, "முட்டியை மடக்காதீங்க தாத்தா, இடுப்புலேருந்து அடிங்க!" என்று கத்தினாள். அப்பா சொன்னபடி செய்தார். நடுவுக்கு நினைவு தெரிந்து அப்பா யார் சொல்லியும் கேட்டதில்லை.

வகுப்பு முடிந்து துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தவர், மகளைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"பெட்டி காட்டிக் குடுத்துடுச்சா?"

"பெட்டி எதுவும் சொல்லலை. அது உங்க கட்சி. ஏம்பா எங்ககிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா?"

"இந்த வயசுல, இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு..."

"அதான் சொல்லலை." தோளைத் துவட்டிக்கொண்டார். "டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் சேந்தேன். முட்டிக்கு நல்லதுன்னார். காலம் பூரா மேலயும் கீழயும் போயாச்சு நடு. பக்கவாட்டுலயும் கொஞ்சம் போய்ப் பாக்கலாம்னு தோணுச்சு. தப்பா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோற்றுவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள்.

"யாருக்கு என்ன நஷ்டம் சொல்லு. நீங்க மூணு பேரும் நிம்மதியா இருக்கீங்க. தையல்காரருக்கு ஓசி டீ. எனக்கு நீச்சல்."

"நீங்க இங்க தண்ணில முழுகியிருந்தா, அங்க கெட்டில் கொதிச்சு, அப்பா எழுந்துட்டார்னு எங்களுக்குப் பச்சை காட்டியிருக்கும்ப்பா. நான் அதைப் பாத்துட்டு நிம்மதியா ஒரு பம்பைக் கழட்டிக்கிட்டு உக்காந்திருந்திருப்பேன்."

அப்பா துவட்டுவதை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி, அதிலிருந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தரையில் வடித்தார்.

"அதை யோசிக்கலைம்மா" என்றார்.

அன்று மாலை மூன்று பேரும் போனில் கூடினார்கள். தங்கை முதலில் அழுதாள். அப்பா தொப்பி போட்டிருந்ததைக் கேட்டதும் சிரித்தாள். பிறகு மறுபடி அழுதாள். அண்ணன் மேலதிகாரிக் குரலில் ஆரம்பித்தான்.

"முதல்ல நீச்சலை நிறுத்தச் சொல்லு நடு. அப்புறம் கெட்டிலுக்குப் பதிலா கையில கட்டற மாதிரி ஒண்ணு—"

"நீ வந்து சொல்லு."

"என்னது?"

"நிறுத்தச் சொல்லணும்னா நீ பிளேன் ஏறி வந்து, மூணு மாடி ஏறி, அவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்." அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. நிறுத்த முடியவில்லை. "போன் எடுக்கலைன்னா நான். வட்டம் சிவந்தா நான். நீ அட்ரஸ் மாத்தினா நான். இவ அழுதா நான். அவர் நீந்தினாலும் நானா? என்னையும் அந்தப் பெட்டியையும் ஒரே மாதிரிதான் வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும். சேதி வரலைன்னாத்தான் ஞாபகம் வருது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"இல்ல நடு," என்றான் அண்ணன், குரல் இறங்கி. "அவரே டேட்டாவை ஏமாத்தறார்னா, அப்புறம் இந்த சிஸ்டத்துக்கே அர்த்தம் இல்லாம போயிடுதே, அதைத்தான்..."

"அவர் டேட்டாவை ஏமாத்தலை. கெட்டில் கொதிச்சுது, கெட்டில் கொதிச்சுதுன்னு பெட்டி சொல்லிச்சு. அப்பா எழுந்துட்டார்னு எழுதினது நீ. அதை மாத்து."

அண்ணன் அன்றைக்கே மாற்றினான். வட்டத்துக்குக் கீழே இப்போது 'கெட்டில் கொதித்தது' என்று மட்டும் வருகிறது. தங்கைக்கு அது கொஞ்ச நாள் பிடிக்கவில்லை. மொட்டையாக இருக்கிறது என்றாள்.

அப்பாவோடு நடு ஓர் உடன்படிக்கைக்கு வந்தாள். நீச்சல் தொடரலாம். பயிற்சிக்காரியிடம் பிள்ளைகள் மூவர் எண்ணும் இருக்க வேண்டும். வகுப்பு முடிந்து கரையேறியதும் அவரே மூன்று பேருக்கும் போன் செய்ய வேண்டும். கடைசி நிபந்தனைக்கு அப்பா மாடு மாதிரி முரண்டு பிடித்தார். "நான் போன்லாம் பண்ற ஆள் இல்ல." அப்படியென்றால் தினமும் வேலி ஓரம் வந்து நிற்பேன் என்றாள். பயிற்சிக்காரி முன்னால் மகள் வந்து காவல் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதும்தான் வினை. எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை. ஒரு வாரத்திலேயே பேச்சு ருசித்துவிட்டது. எத்தனை தடவை கால் அடித்தார், யார் மூக்கில் தண்ணீர் போயிற்று, மல்லாந்து மிதந்தால் காதுக்குள் எப்படிக் கேட்கும், எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னார். தங்கை பஸ்ஸில் நின்றபடி கேட்டாள். அண்ணன் ஊரில் அது ஆழ்ந்து தூங்குகிற நேரம்.

"நடு, நீயாவது கொஞ்சம் சொல்லேன். நாலு மணி நேரம் கழிச்சுப் பண்ணச் சொல்லேன். எடுக்கலைன்னா எடுக்கற வரைக்கும் அடிக்கிறார்."

"நீயே சொல்லு அண்ணா. உன்கிட்டதானே தினமும் பேசறாரு."

"சொன்னேன். 'அடிக்கறது என் அவசரம்டா'ங்கறார்."

நடு வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது அவள் அப்பா வீட்டில்தான் இருந்தாள். கெட்டிலிலிருந்து பெட்டியைக் கழற்றிவிடலாம் என்று வந்திருந்தாள். அப்பாதான் பேச ஆரம்பித்துவிட்டாரே, இனி எதற்கு? எக்ஸ்டென்ஷனைத் திறக்கப் போனபோது வாசலில் தையல்காரர் நின்றார். உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கழட்டறியாம்மா?"

"ஆமா. இனிமே வேண்டாம்ல?"

"சரிதான்." போகவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார். "தூக்கித்தான் போடப் போறேன்னா, என் வீட்டுல மாட்டறியா?"

நடு திருப்புளியோடு நிமிர்ந்தாள். "உங்க வீட்டுலயா? யாரு பாப்பாங்க?"

"அதான்... நீ போன்ல எப்படியும் பாக்கற ஆள்தானே. ஒரு ஓரமா என்னுதும் இருந்துட்டுப் போகட்டுமே. சிவப்பானா ஓடி வரவேண்டாம். உங்கப்பாகிட்ட சொன்னாப் போதும், எட்டிப் பாத்துப்பாரு."

இன்னொரு கெட்டில். இன்னொரு வட்டம். அண்ணனிடம் போய் இன்னொரு பக்கம் கேட்க வேண்டும். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்பான். தையல்காரரிடம் வைஃபையே இல்லை. அப்பாவின் ரவுட்டர் அந்தச் சுவரைத் தாண்டி எட்டுமா என்று பார்க்க வேண்டும். எட்டாது. எட்டாது என்று அவளுக்கு இப்போதே தெரியும்.

ஆஸ்பத்திரி முழுக்கப் பிரசித்தமான அந்தப் பெருமூச்சை முழுசாக, நிதானமாக விட்டாள்.

"உங்க கெட்டில் எங்க சொருகியிருக்கு, காட்டுங்க" என்று தையல்காரருக்குப் பின்னால் நடந்தாள்.